ஞாயிறு இரவு உறங்கியவர்கள்

ஸ்கெல்தோர்ப் பங்கில் கதவுகள் ஐம்பத்தேழு.
பதினெட்டுப் படிவங்கள் திரும்பி வரவில்லை.
அந்தப் பதினெட்டுக்காக என்னை அனுப்பினார்கள்,
கழுத்தில் ஓர் அட்டை, கையில் ஒரு டேப்லெட்.

பேருந்து வியாழக்கிழமை மட்டும்.
இன்று செவ்வாய்.
ஆறு மைல் நடந்தேன்.
வலப்பக்கம் வாய்க்கால், இடப்பக்கம் வாய்க்கால்,
சாலையைவிட உயரத்தில் ஓடுகிறது தண்ணீர்.
லிங்கன்ஷயரின் இந்த மூலையில்
நிலம் குனிந்துதான் வாழ்கிறது.

என் கேள்வி ஒன்றே ஒன்று:
மார்ச் கடைசி ஞாயிறு இரவு
இந்த வீட்டில் உறங்கியவர் எத்தனை பேர்?

முதல் வீட்டு வாசலில் சாவிப்பெட்டி,
நான்கு எண் பூட்டு.
ஜன்னல் வழியே பார்த்தேன்:
கட்டில்மேல் துவாலையை மடித்துச் செய்த அன்னம்.
கொதிகலன் தானே எரிந்து தானே அணைந்தது.
உறங்கியவர்: எவருமில்லை.
வீடு மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

நெவில் பிளாங்கின் வேலியருகே நின்றார்,
முழங்கை வரை ரத்தம்.
"ஞாயிறா? எங்கே உறங்கினேன்!
தொழுவத்தில், வைக்கோல் மேல்,
இருபது நிமிடம் கண் அசந்திருக்கும்.
மூன்று ஆடு, மூன்றும் இரட்டைக் குட்டி."
தொழுவத்துக்கு முகவரி உண்டா என்று கேட்டேன்.
"ஆட்டுக்கு எண் உண்டு,
காதில் மஞ்சள் அட்டை" என்றார்,
என் கழுத்தைப் பார்த்தபடி.

பழைய பாதிரியார் மாளிகை.
பாதிரியார் இப்போது ஒன்பது ஊருக்கு ஒருவர்,
எங்கோ வாடகைக்கு இருக்கிறார்.
மாளிகையில் ஹெஸ்கெத் தம்பதி.
அறைகள் பதினொன்று, ஆட்கள் இரண்டு.
குளிர்காலம் முழுக்கச் சமையலறையிலேயே
என்றார் திருமதி ஹெஸ்கெத்,
எண்ணெய் விலையைச் சொல்லிச் சிரித்தார்.
கழிப்பறைச் சுவரில், சட்டம் போட்டு,
1851இன் கணக்கு. சாய்ந்த கையெழுத்து.
மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
ஜாப் திம்பிள்பி, நாட்கூலி.
மனைவி கெசாயா. பிள்ளைகள் ஒன்பது.
அறைகள் இரண்டு.
ஓரத்தில் எண்ணியவன் குறித்திருக்கிறான்:
கல்லறைத் தோட்டத்துக்குக் கீழே கிணறு.
தண்ணீர் இனிக்கிறதாம்.
கைகழுவிக்கொண்டே இரண்டு முறை படித்தேன்.
அந்தக் குடிசை எங்கே என்று கேட்டேன்.
"அங்கேதான்" என்றார் ஹெஸ்கெத்,
பச்சை வண்ண எண்ணெய்த் தொட்டியைக் காட்டி.

திரும்பும்போது
முட்டைக்கோசு வயலுக்கு அப்பால்,
பொதியும் கொட்டகையின் பின்னால்,
சக்கரம் கழற்றிய வேன் வீடு ஒன்று.
கொடியில் இருபத்திரண்டு காலுறைகள்.
என் பட்டியலில் அது இல்லை.
ஐம்பத்தெட்டாவது கதவு.
கைப்பிடி கிடையாது, ஒரு கயிறு.

ஸ்வெத்லா கதவைத் திறந்தாள். வாணலியில் வெங்காயம்.
நடுவே தகரம் வைத்து இரண்டாக்கிய அறை.
எண்ணினோம், அவள் பல்கேரிய மொழியில்,
நான் வாய்க்குள் தமிழில்:
பதினொன்று.

இதெல்லாம் எதற்கு என்றாள்.
பள்ளி, மருத்துவர், பேருந்து,
எங்கே எத்தனை வேண்டும் என்று தெரியத்தான் என்றேன்.
"பேருந்து எப்போது?"
வியாழன்.
"வியாழன் நாங்கள் வயலில்."

அடுத்த கட்டம்: முதல் நபருக்கு என்ன உறவு.
ரூமென் மூலையில் விழித்துக்கொண்டான்,
பகல் இரண்டு மணிக்கு.
"எமில் படுக்கிற கட்டில்தான் எனக்கும்.
அவன் இரவில், நான் பகலில்.
நான் தலை வைக்கும்போது
தலையணை சூடாகவே இருக்கும்.
இதற்கு உங்களிடம் பெயர் இருக்கிறதா?"

திரையை நகர்த்தினேன்.
கணவன், மகள், வளர்ப்பு மகன்,
மாமியார், குத்தகைக்காரர்.
இன்னும் நகர்த்தினேன்.

ஞாயிறு இரவு இங்கே உறங்கினீர்களா?
"ஞாயிறு இரவு காலிஃபிளவர்.
பெட்டிக்கு எட்டு."

பாட்டரி ஒன்பது சதவீதம்.
பதினொன்று என்று அழுத்தினேன்.
பிளாங்கினின் வைக்கோலுக்கு ஒன்று.
அன்னத்துக்குச் சுழியம்.

வெங்காயம் தீய்ந்துவிட்டது என் கேள்விகளால்.
பரவாயில்லை என்று ஒரு தட்டு நீட்டினாள்.
நின்றபடி தின்றேன், உட்கார இடமில்லை,
கட்டிலில் ஆள் மாறிக்கொண்டிருந்தது.

ஆறு மைல்.
தோளுயரத்தில் தண்ணீர்
கூடவே வந்தது.